பாக்கிப் பட்டியலில் உன் பேர்

கோத்தகிரி
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். நாங்கள் நலம். மூன்று நாளாக மழை, துணியெல்லாம் அடுப்படியில்தான் காய்கிறது.

கோயில் வாசல் போர்டில் உன் பேர் இருப்பதாகச் சித்தி சொன்னாள், என்ன விஷயம் என்று போனில் கேட்டாய். டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது, கண்ணு.

போன ஆகஸ்டில் மாதா திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, கோயில் கூரையை மாற்றப் பணம் கேட்டார்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் நோட்டைத் திறந்து வைத்துக் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து, துபாயில் இருக்கும் மகன் சார்பில் ஐம்பதாயிரம் என்றார். எனக்கு என்ன வந்ததோ, "லண்டனில் இருக்கும் என் மகள் பேரில் ஒரு லட்சம்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா பார்த்த பார்வை மட்டும் வேறு மாதிரி.

உனக்குத் தெரியாமல் இலைக்காசிலேயே கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் தேயிலையில் என்ன மிஞ்சும் என்று உனக்கே தெரியும். இலையை இந்த மாதம் கொடுப்போம், விலை அப்புறம்தான் தெரியும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பனியில் கொழுந்தே இல்லை. ஈஸ்டருக்குள் முடிப்பதாகச் சொன்ன லட்சத்தில் கட்டியது 22,000. மீதி 78,000 உன் பேரில் போர்டில் ஏறிவிட்டது.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் நோட்டில் எழுதிய தொகையைக் கூட்டி, அதை நம்பிக் காண்டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். எழுதிய பணம் வேறு, வந்த பணம் வேறு. என்னைப்போல இன்னும் பத்துப் பேர் வாயால் கொடுத்ததில் பாதிக் கூரையோடு வேலை நிற்கிறது. ஊட்டி ஸ்டீபன் கோயிலுக்கு உத்தரம் திப்புவின் அரண்மனையைப் பிரித்து வந்ததாம். நமக்குப் பிரிக்க அரண்மனை ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் தகடு வரவேண்டும், லாரிக்காரர் ரொக்கம் கேட்கிறார்.

நேற்று ஃபாதரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீ கொடுத்துவிட்டு, "முன்பே சொல்லியிருந்தால் தகடு ஆர்டரையாவது குறைத்திருப்போமே" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. சரி, இப்போது முடிவானது இது. உன் பேரை அடித்து என் பேரை எழுதியாயிற்று. தொகை ஐம்பதாயிரம். மீதி 28,000-ஐ மாதம் 2,000 வீதம் 14 தவணை, பனி மாதம் மூன்றும் விடுப்பு. பொருளாளர் தவணைக்குத் தவணை ரசீது தருவார்.

நீ பணம் அனுப்பவேண்டாம். வீட்டுக் கடன் தலைக்குமேல் இருக்கும்போது இது வேறா? அங்கே உன் பங்குக் கோயிலில் நீ மாதாமாதம் கொடுப்பதே போதும். ஒரு பவுண்டு போட்டால் கோயில் அரசாங்கத்திடம் 25 பென்ஸ் சேர்த்து வாங்கிக்கொள்ளும், வருமான வரி கட்டுகிறவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாயே, அதை விடாதே. அந்தச் சலுகை அங்கே உள்ள கோயிலுக்குத்தான், கோத்தகிரிக்கு வராது.

என்றாவது மனதார நம் கோயிலுக்குக் கொடுக்கத் தோன்றினால், உன் பேரில் உன் வாயால் சொல். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை வங்கி வழியாக நேராக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு. அதற்குப் பதிவும் டெல்லி ஸ்டேட் பேங்கில் தனிக் கணக்கும் உள்ள இடம்தான் வாங்க முடியும். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான் என்று பொருளாளர் சொன்னார். முதலில் அவரிடம் கேட்டுக்கொள்.

அம்மா உன்னிடம் இன்னும் பேசவில்லை என்று வருத்தப்படாதே, கோபம் என்மேல்தான். முதல் தவணை ரசீதை அவளே போட்டோ எடுத்து அனுப்புவாள். பேரைப் பார்த்துக்கொள், என் பேர்தான் இருக்கும்.

அன்புடன்,
அப்பா