கண் கூசுவது என் வயதாலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சாலைப் பாதுகாப்புக் கட்டுரையில், முதியவர்கள் இரவில் வண்டி ஓட்டாமல் இருப்பதே நல்லது என்று எழுதியிருந்தீர்கள். வயது ஏற ஏற, எதிர்வண்டி விளக்கில் கூசிய கண் தெளியக் கூடுதல் நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் கூச வைப்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, எதிரே ஹைபீமில், அதாவது முகப்பு விளக்கின் ஒளியை உயர்த்தி வைத்துக்கொண்டு, வந்தவருக்கு டிம் அடித்துக் காட்டினேன். அவரோ பதிலுக்கு, பம்பரில் பூட்டியிருந்த இன்னும் இரண்டு விளக்குகளையும் போட்டார். பழைய வகை ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்குக் கூட்டில் எல்இடி பல்பை மாட்டிக்கொள்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒளி சிதறி முகத்தில் அடிப்பதால் அவர்களுக்கு டிம்மும் பிரைட்டும் ஒன்றுதான். பின்னால் ஆளும் டிக்கியில் சாமானும் ஏறி வண்டியின் முன்பக்கம் தூக்கும்போது ஒளியைத் தாழ்த்துவதற்காகப் பல கார்களில் 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு ஒன்று இருக்கிறது. வண்டி வாங்கிய அன்று அதைப் பற்றிக் கேட்டதற்கு, "அதைத் தொடாதீங்கய்யா, அப்படியே இருக்கட்டும்" என்றார் சாவி கொடுத்த இளைஞர்.

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு தானே எரிகிறது. பகலில் அதைப் பார்த்துவிட்டு, லைட் எரிகிறது என்று அக்கறையோடு கைச்சாடை காட்டுகிறவர்கள், இரவில் தங்கள் ஹைபீமை இறக்குவதில்லை.

இண்டிகேட்டர் கதை இன்னும் மோசம். நாற்சந்தியில் நேராகப் போகிறவர் நான்கு விளக்குகளையும் மின்னவிடுகிறார். பக்கத்துச் சாலையில் நிற்கும் எனக்கு அதில் ஒரு பக்கம்தான் தெரியும் என்பதால், திரும்பத்தான் போகிறார் என்று நம்பி வண்டியை எடுத்தால் என் கதை முடிந்தது. லாரிக்காரர் போடும் வலது விளக்குக்கு, திரும்புகிறேன் என்று பொருளா, முந்திக்கொள் என்று பொருளா என்பதை ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும். பைக்கில் கோட்டையூரில் போட்ட இண்டிகேட்டர் பள்ளத்தூர் வரை மின்னுகிறது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாகப் பழநிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள், எதிரெதிரே இரண்டு ஹைபீம் வண்டிகள் வரும் நேரத்தில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அவர்களையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லி அடுத்த இதழில் எழுதிவிடாதீர்கள்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வரும்போது, எங்களுக்கு அறிவுரை சொல்லும் இடத்தில் கால் பக்கம் ஒதுக்கி, அந்தத் திருகின் படத்தையும், நான்கு விளக்கும் மின்னுவது வழியில் நின்றுபோன வண்டிக்குத்தான் என்பதையும் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கானாடுகாத்தான்