எதிர்வெயிலில் கொக்கும் நாரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வலசைப் பருவம் வந்தால் நம் ஏரிக்கரைகளில் கேமராவோடு நிற்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். 'சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்' என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சூரியன் பறவைக்குப் பின்னால் நின்று எதிர்வெயில் அடித்தால் பலர் கரையை விட்டு இறங்கிச் சேற்றைச் சுற்றி மறுபக்கம் போகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த நெடுங்கால் உள்ளான்கள் மொத்தமாக எழுந்துவிடுகின்றன. படமும் போச்சு, பறவையின் காலை இரையும் போச்சு. இது தேவையே இல்லாத அலைச்சல்.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்வோம். துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது; சதுப்பின் பெரும்பகுதி அதற்குத் தெற்கே. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, தெற்கு வானிலேயே நகர்ந்து, தென்மேற்கில் மறைகிறது. அங்கு நின்று தெற்கே பார்ப்பவருக்கு நாள் முழுக்க எதிர்வெயில்தான். நின்ற இடத்திலேயே அதைப் பயன்படுத்தப் பழகலாம்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இங்கே இரண்டு விதமாக ஏமாறும். பறவைக்குப் பின்னால் தண்ணீர் மின்னினால் பறவையைக் கரியாக்கிவிடும். பின்னால் நிழல் விழுந்த கோரைப்புல் இருந்தாலோ, இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டி, இறகோரத்துப் பொன்விளிம்பை வெறும் வெள்ளைக் கோடாக்கிவிடும். கோரைப் பின்னணிக்கு 1 முதல் 1.7 ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). தண்ணீர்ப் பின்னணியில் இறகின் விவரம் வேண்டுமானால் அதே அளவு கூட்டுங்கள்; தண்ணீர் வெளுத்துப்போகும், போகட்டும். நிழலுருவம் போதுமென்றால் 1 முதல் 2 ஸ்டாப் குறையுங்கள். கொக்கு கோரையிலிருந்து திறந்த தண்ணீருக்கு நாலே எட்டில் வந்துவிடும் என்பதால், ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்து கேமரா தானாக மாற்றாதபடி அந்த அளவை மேனுவலில் பூட்டிவிடுவதே மேல். நடக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000. நிறச் சமநிலையை, அதாவது ஒயிட் பேலன்ஸை, ஆட்டோவில் விட்டால் காலைப் பொன்னிறத்தைக் கழுவிவிடும். 5500 கெல்வினில் நிறுத்துங்கள்.

நேரம் மிகக் குறைவு. குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் இரண்டு மணி நேர இளவெயில் நமக்குக் கிடைக்காது. சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே 13 டிகிரி உயரம் போய்விடும். உதயத்திலிருந்து 40 நிமிடம்தான் இறகோரத்தில் மின்னும் நல்ல விளிம்பொளி. ஒன்பது மணிக்குமேல் சேற்றின்மீது கானல் நெளியத் தொடங்கினால் 600 மிமீ லென்ஸும் கைகொடுக்காது.

லென்ஸ் முகப்பில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் எதிர்வெயிலில் படம் முழுக்கப் பால்போல் மூட்டம் படரும். துடையுங்கள், ஹூட் மாட்டுங்கள், யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். படத்தில் விழும் பேய்ப்புள்ளிகள் என்னும் போலி ஒளிப்புள்ளிகள் பெரும்பாலும் அந்த ஃபில்டரால்தான் வருகின்றன. ஃபோகஸ் தடுமாறினால் ஒற்றைப் புள்ளியைக் கழுத்தின் ஒளிவிளிம்பில் வையுங்கள். லென்ஸில் வரும் ஒளியையே கண்ணாடி வழியே பார்க்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவில் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

இத்தனை பாடும் எதற்கென்றால், முன்வெயில் காட்டாததை எதிர்வெயில் காட்டும். நத்தை குத்தி நாரை பக்கவாட்டில் திரும்பும்போது, மூடிய அலகின் நடுவிலுள்ள இடுக்கு வழியே வானம் தெரியும். தலை சற்றே நம் பக்கம் திரும்பினாலும் இடுக்கு மறைந்துபோகும். ஆகவே பக்கவாட்டுத் தோற்றத்துக்காகக் காத்திருங்கள். இளம் பறவையின் அலகில் அந்த இடைவெளி இருக்காது, நிழலுருவத்திலேயே வயதைச் சொல்லிவிடலாம். சின்னக் கொக்கு சிறகு விரித்தால் ஒவ்வொரு இறகின் தண்டும் தனியாகத் தெரியும். மஞ்சள் மூக்கு நாரையின் கருஞ்சிறகு ஒளியை மறித்து நிற்க, வால்பக்கத்து இளஞ்சிவப்பு இறகுகள் மட்டும் பற்றிக்கொண்டதுபோல் ஒளிரும்.

ஒரு வேண்டுகோள். வாசகர் அனுப்பும் இத்தகைய படங்களை அச்சுக்குப் போகுமுன் வெளிச்சமாக்கிவிடும் வழக்கம் பத்திரிகைகளில் இருக்கிறது. செய்தித்தாளில் கருப்பே சாம்பலாகத்தான் விழும். நிழல் பகுதியையும் வெளிச்சமாக்கினால் மணல்போல் புள்ளிகள் கிளம்பி விளிம்பொளி கரைந்துவிடுகிறது. உங்கள் பக்க வடிவமைப்பாளர்கள் கருப்பைக் கருப்பாகவே விட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பறவைப் படம் எடுக்கும் வாசகர்கள்,
சென்னை.