கேப்டவுன் ரயிலும் ஜூலைக் குளிரும்

ஜோகன்னஸ்பர்க்,
ஜூலை 2012

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்.

அடுத்த ஆண்டு பேத்தியின் பள்ளி விடுமுறைக்கு வரும்போது கேப்டவுனுக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். பணிக்காலம் முழுவதும் பொன்மலை ரயில் பணிமனையில் பெட்டிகளைப் பழுதுபார்த்தவருக்கு வேறு எதில் மனம் போகும்? ஆனால் அந்த விடுமுறை ஜூலையில் வருகிறது; இந்த நாட்டில் ஜூலை நடுக்குளிர்காலம். சென்ற வாரம்தான் நாங்கள் அந்த வண்டியில் போய் வந்தோம் என்பதால், இரவுக் குளிரை எப்படிச் சமாளிப்பது என்பதை இப்போதே விரிவாக எழுதிவிடுகிறேன்.

பயணம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். இங்கிருந்து பகலில் புறப்பட்டால் மறுநாள் பிற்பகலில்தான் போய்ச் சேரும். தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம் என்பது அப்பாவுக்குப் பிடிக்கும். படுக்கை வகுப்பில் இருவருக்கான அறையும் நால்வருக்கான அறையும் உண்டு, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். நால்வர் அறையையே எடுப்போம், ஏனென்றால் ஆள் நிறைந்த அறையில் குளிர் அவ்வளவாகத் தெரிவதில்லை.

புறப்படும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். ஸ்வெட்டர் எதற்கு என்றுகூடத் தோன்றும். கிம்பர்லியைத் தாண்டி, நள்ளிரவுக்குமேல் டி ஆர் சந்திப்பை ஒட்டிய கரூ சமவெளிக்குள் வண்டி நுழைந்த பிறகுதான் குளிர் தன் வேலையைக் காட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த வறண்ட நிலம் அது. காற்றில் ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை. பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் தரை இரவில் விட்டுவிடுவதால், பின்னிரவில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாங்கள் போன பெட்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. எங்கள் மூச்சுக்காற்று ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து, சட்டத்தின் வழியே சொட்டி, கீழ்ப் படுக்கையின் ஓரத்தை நனைத்தது. நனைந்த போர்வையைப் போல் குளிர்வது வேறொன்றுமில்லை. ஒரு துண்டைச் சுருட்டி ஜன்னல் ஓரத்தில் வைத்த பிறகுதான் குழந்தை தூங்கினாள்.

1893 ஜூன் 7 இரவு, வெள்ளையரல்லாதவர் என்பதற்காக முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து காந்தியடிகளை இறக்கிவிட்டார்களே, அந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையமும் இந்த நாட்டில்தான் இருக்கிறது. அவருடைய மேலங்கி பயணப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியோ நிலையத்தார் வசம் இருந்தது. கேட்டால் மறுபடியும் அவமதிப்பார்களோ என்று கேட்காமலேயே, காத்திருப்போர் அறையில் இரவெல்லாம் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். அந்த அநீதியை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. இங்கே குளிர்காலத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த மேலங்கியின் நினைவு வருகிறது. கம்பளித் துணி எதையும் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். எல்லாம் தலைமாட்டில் ஒரு கைப்பையில் இருக்க வேண்டும்.

ஒரே தடித்த கோட்டைவிட, மெல்லியதாக இரண்டு மூன்று உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. இடையில் தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். அம்மா புடவைக்குள் கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம், இங்கே எல்லாரும் அப்படித்தான். சாக்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். அப்பாவின் குரங்குக் குல்லா கட்டாயம் வர வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர் என்பதால் மப்ளரை மூக்கின்மேல் சுற்றிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்று இதமாகிவிடும்.

பெட்டியில் பணம் கட்டினால் படுக்கை விரித்துத் தருவார்கள். அதற்குமேல் போர்த்திக்கொள்ள இங்குள்ள பசோத்தோ இன மக்கள் தோளில் போர்த்தும் கனத்த கம்பளி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்கா ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை தந்தார். அவருடைய முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள். அதிகம் குளிராத டர்பனில் வளர்ந்து இங்கு குடிவந்தவர் என்பதால், நம்மவர்களின் நடுக்கம் அவருக்குத் தெரியும். அம்மாவின் முழங்கால் வலிக்கு அந்தப் பை அருமருந்து. ஆனால் அப்பா அதைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். படுக்கும் முன் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றி, எடுத்துவிட்டுப் படுத்தால் போதும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளலாம். பிளாஸ்கில் சுக்குக் காபி எடுத்துக்கொள்வோம். வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கையோடு இருக்கட்டும்.

விடிந்து வெகுநேரம் கழித்து ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும்முன், 1989இல் திறந்த 13 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுரங்கப்பாதை வரும். அப்பா அப்போது விழித்திருக்க வேண்டும். கேப்டவுனில் குளிர்காலம்தான் மழைக்காலம் என்பதால் மழைக்கோட்டும் தேவைப்படும்.

அம்மாவின் பாத அளவை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நல்ல கம்பளிச் சாக்ஸ் குளிர்காலம் முடியும் தறுவாயில் விலை குறையும். அப்போதே வாங்கி வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்