பையில் ஒரே நிறைகல்: பெற்றோர்களுக்கு ஞாயிறு பள்ளித் தலைமையாசிரியர் கடிதம்

கர்த்தருக்குள் அன்பான பெற்றோர்களுக்கு ஸ்தோத்திரம்.

இந்தப் பருவத்தில் நான்காம் ஆண்டு முதல் படிவம் 3 வரையுள்ள பிள்ளைகளுக்குத் தராசைப் பற்றிப் பாடம் எடுக்கிறோம். "தேவனுக்கு முதலிடம் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள் என்றுதானே அனுப்பினோம், தராசு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பதில் ஆமோஸ் 8:5-இல் இருக்கிறது. அங்கே கண்டிக்கப்படும் வியாபாரிகள் ஓய்வுநாளில் கடையைச் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் இந்த நாள் எப்போது முடியும், எப்போது மரக்காலைக் குறைத்து சேக்கல் நிறையைக் கூட்டி விற்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நம்மைப் போல வருகைப் பதிவேடு வைத்திருந்தால் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு குறையும் இருந்திருக்காது.

அந்தக் காலத்தில் வெள்ளியை நிறுத்துத்தான் விலை கொடுத்தார்கள். யூதேயாவில் தோண்டியெடுத்த நிறைகற்கள் அடி தட்டையாக, மேலே குமிழ்போல இருக்கும் சுண்ணாம்புக் கற்கள். ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். நம் 50 சென் நாணயம் இரண்டைக் கையில் வைத்தால் ஏறக்குறைய அதே கனம். தானியம் அளக்கச் சின்ன மரக்கால், வெள்ளியை நிறுக்கப் பெரிய கல் என்றால், வாங்க வந்த ஏழைக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். ஒரு கிராம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் உபாகமம் 25:13, கள்ளக் கல்லால் நிறுக்காதே என்பதோடு நிற்காமல், பெரிதும் சிறிதுமான கற்களைப் பையில் வைத்திருக்கவே கூடாது என்கிறது.

நம் வீடுகளிலும் இரண்டு கல் உண்டு. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மகள் தட்டுக் கழுவப் போகிறாள், மகன் ஹேண்ட்போனை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்கிறான். இதே வீட்டில் மாலை ஜெபத்துக்கு இரண்டு பேரையும் சமமாக உட்கார வைக்கிறோம். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இல்லை. வேலையை வாரம் மாற்றி வாரம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். "அண்ணனுக்கு எஸ்பிஎம் பரீட்சை இருக்கிறது" என்று ஒரு வாரம் விட்டுக்கொடுத்தால், எந்த வாரத்தில் அவன் அதை ஈடுகட்டுவான் என்பதையும் அப்போதே எழுதுங்கள். எழுதாவிட்டால் சலுகை வழக்கமாகிவிடும்.

பணிப்பெண் வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னும் ஒன்று. உபாகமம் 5:14, வேலைக்காரரும் "உன்னைப்போல" இளைப்பாறவேண்டும் என்கிறது. நாம் ஆராதனையில் இருக்கும் நேரத்தில் நமக்காக அவர் கோழி வெட்டிக்கொண்டிருந்தால் அது அவருக்கு எப்படி ஓய்வுநாள்? சனிக்கிழமையே சமைத்துவையுங்கள், அல்லது வரும் வழியில் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் மாதச் சம்பளத்துக்கு ஏழு நாள் தவணை தருகிறது. அந்த ஏழு நாளைக்கூடத் தாண்டிவிட்டுக் காணிக்கைக் கவரை நிரப்பக்கூடாது. அவருடைய கடப்பிதழை உங்கள் அலமாரியில் பூட்டி வைப்பதும் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பத்திரத்துக்காக என்று சொல்வதானால் சாவி அவரிடம் இருக்கட்டும்.

காணிக்கை விஷயத்தில் எங்களுக்கு ஒரு மனக்குறை. ஆலய வாசலில் அப்பா பர்ஸிலிருந்து ஒரு ரிங்கிட் எடுத்துக் கையில் திணிக்கிறார், பிள்ளை அதைப் பையில் போடுகிறது. அந்தப் பிள்ளை வெறும் தபால்காரர். தனக்கு ஒன்றும் செலவாகாததைத் தேவனுக்குச் செலுத்தமாட்டேன் என்று தாவீது 50 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துக் களத்தை வாங்கினான் (2 சாமுவேல் 24:24). வாரச் செலவுக்கு 10 ரிங்கிட் தருகிறீர்கள் என்றால் ஒரே தாளாகத் தராதீர்கள். ஒரு ரிங்கிட் தாள் பத்தாகக் கொடுங்கள். திங்கட்கிழமை காலையிலேயே ஒன்றை எடுத்துத் தனியே வைக்கட்டும். மிச்சத்தில் கொடுக்கலாம் என்று வெள்ளிக்கிழமைவரை விட்டால் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை முந்திக்கொள்ளும். மறந்துவிட்டால் நீங்கள் ஈடுகட்டவேண்டாம். அந்த ஞாயிறு வெறுங்கையோடு வரட்டும். ஆசிரியர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஒரு பிள்ளை இன்னொருவர் பொருளை எடுத்தாலோ உடைத்தாலோ என்ன செய்வது? பெரும்பாலும் "ஸாரி சொல்லு" என்பதோடு முடித்துவிடுகிறோம். லேவியராகமம் 6:1-7 அப்படி விடுவதில்லை. அயலானை ஏமாற்றியது கர்த்தருக்கே விரோதமான குற்றமாக அங்கே எண்ணப்படுகிறது. முதலைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டவேண்டும். அதையும் பலி செலுத்தும் அதே நாளில் உரியவன் கையில் கொடுக்கவேண்டும். 10 ரிங்கிட் எடுத்தவன் 12 ரிங்கிட் கொடுப்பான். அந்த 2 ரிங்கிட் அவனுடைய சொந்தக் காசிலிருந்து வரவேண்டும். நீங்கள் கொடுத்தால் தண்டனை உங்களுக்குத்தான். பணம் இல்லையென்றால் வாரம் ஒரு ரிங்கிட் என்று பிடித்துக்கொள்ளுங்கள். அவனே நேரில் போய்க் கொடுக்கட்டும், நீங்கள் நான்கு அடி பின்னால் நில்லுங்கள்.

தானாக வந்து சொன்னவனையும் பிடிபட்டவனையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். அறிக்கையிட்டவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு, களவாடிய ஆடு உயிரோடு கையில் அகப்பட்டால் இரட்டிப்பு, அதை விற்றிருந்தால் நான்கு மடங்கு என்று நியாயப்பிரமாணம் பிரித்துவைத்திருக்கிறது. வரி வசூலித்த சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது, அந்த நான்கு மடங்கைத்தான் யாரும் கேட்காமல் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். எப்படியும் அடிதான் விழும் என்று தெரிந்த பிள்ளை உண்மை சொல்ல வராது.

ஞாயிறு காலை டியூஷனைப் பற்றிப் பலமுறை பேசியாயிற்று, அது வேண்டாம். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். பாடகர் குழு ஒத்திகை, இளைஞர் கூட்டம் என்று வாரத்தில் நான்கு மாலை ஆலயத்தில் இருந்துகொண்டு, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக நேரமில்லை என்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதை 'கொர்பான்' என்று காணிக்கைக் கணக்கில் எழுதியவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் ஒத்திகைக்கு வராததற்கு விடுப்புக் கடிதம் தேவையில்லை.

நாங்களும் இதே தராசில்தான் நிற்கிறோம். கிறிஸ்துமஸ் நாடகப் பாத்திரங்களை இந்த முறை சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் ஒரே சீட்டுத்தான்.

வரும் ஞாயிறு வகுப்புக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் துணி ஹேங்கர் ஒன்று, ஒரே அளவான காகிதக் குவளை இரண்டு, ஒரு மீட்டர் நூல், 50 சென் நாணயம் இரண்டு கொடுத்தனுப்புங்கள். குவளைகளை நடுவிலிருந்து சம தூரத்தில் கட்டவேண்டும். ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினாலும், கல் சரியாக இருந்தும் தராசு பொய் சொல்லும். கல்லையும் பொருளையும் இடம் மாற்றி வைத்தால் அந்தப் பொய் உடனே பிடிபடும். மேலே சொன்ன தட்டுக் கழுவும் அட்டவணையையும் பெயர்களை இடம் மாற்றி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நாணயங்களை அன்றே திருப்பி அனுப்புவோம். எங்கள் கையில் தொலைந்தால் 1 ரிங்கிட் 20 சென் வரும்.

கிறிஸ்துவின் பணியில்,
தலைமையாசிரியர்
ஞாயிறு பள்ளி, ஜார்ஜ்டவுன், பினாங்கு