தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டாயே, வசு

அன்புள்ள வசு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரேவதி சொன்னாள், நிம்மதியாக இருந்தது. பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டு.

விஷயம் அந்தப் பெட்டிகள்தான். ஜெயந்தி அக்கா வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கே போகிறாள். பேஸ்மென்ட்டைக் காலி செய்தபோது, நாம் படித்த ப்ளூமிங்டனிலிருந்து கிளம்பும் சமயத்தில் "அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போன சிடிக்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. போட்டோ அனுப்பினால் நீ "தூக்கிப் போடு" என்று பதில் போடுகிறாய். எப்படி மனசு வந்தது உனக்கு? என் பையனும் அதையேதான் சொன்னான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் பாட்டுக் கேட்க ஆரம்பித்தபோது எல்லாம் போனுக்குள் வந்தாகிவிட்டது. நீ சொல்லலாமாடி?

சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. பெட்டிக்குள் பழைய பில்களும் கிடக்கின்றன. எஸ். வசுமதிக்கு ஒன்று, வசுமதி சீனிவாசனுக்கு ஒன்று, சீனிவாசன் வசுமதிக்கு ஒன்று. அப்பா பெயரை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, ஒரே ஆள் மூன்று பேராகி, தபாலில் சிடி அனுப்பும் கிளப்களில் மூன்று முறை சேர்ந்தவள் நீ. அது போதாதென்று, ஆள் சேர்த்தால் நாலு சிடி இலவசம் என்று என்னைச் சேர்த்தாய், நான் அக்காவைச் சேர்த்தேன், அக்கா வைத்தியைச் சேர்த்தாள், சிடி பிளேயரே இல்லாத வைத்தியை! அவன் பஃபலோ போன பிறகும் ஏதோ ஒரு கிளப்பிலிருந்து பணம் கட்டச் சொல்லி அவன் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்ததும், அதற்கு நீ ஹேமாவின் டைப்ரைட்டரில் எழுதிய பதிலும் ஞாபகம் இருக்கிறதா? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் நடுவிலிருந்து விழும் அந்த விளம்பரத்துக்கு நாம் எப்படிக் காத்திருப்போம்! ஒரு சென்ட் காசை அட்டையில் டேப் போட்டு ஒட்டி அனுப்பினால் கொலம்பியா ஹவுஸ் எட்டோ பத்தோ பன்னிரண்டோ அனுப்பும், அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்குள் முழு விலையில் ஐந்தாறு வாங்கித் தீர்க்க வேண்டும். இன்னொரு கிளப்பான பி.எம்.ஜி.யில் ஒன்றை முழு விலைக்கு வாங்கினால் போதும், மற்றவை இலவசம். பெயர்தான் இலவசம், தட்டுக்குத் தட்டு தபால் செலவென்று ஏறக்குறைய இரண்டு டாலர் பிடித்துக்கொள்வார்கள். அப்படியும் நமக்கு அது லாபமாகத்தான் இருந்தது. வாடகை போக உதவித்தொகையில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு, கடையில் பதினைந்து டாலர் கொடுத்து ஒரு சிடி வாங்கும் நிலைமையிலா இருந்தோம்? இளையராஜா வேண்டுமென்றால் யாராவது ஊரிலிருந்து சூட்கேஸில் கேசட் கொண்டுவர வேண்டும். கிளப் பட்டியலில் தமிழ்ப் பாட்டு எங்கே இருந்தது? அதனால்தானே நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஆட்களின் இசையை, உறைப்படத்தின் குட்டி ஸ்டாம்பை மட்டும் பார்த்து, கிழித்து ஒட்டி வரவழைத்துக் கேட்டோம்.

இந்த முறைதான் உறைகளின் பின்பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். இரண்டு கிளப்பும் நம் இண்டியானாவிலேயே இருந்திருக்கின்றன, வசு! கொலம்பியா ஹவுஸ் டெரி ஹோட்டில், ஃப்ரூட்ரிட்ஜ் அவென்யூவில். பி.எம்.ஜி. இங்கே இண்டியனாபொலிஸில், கிழக்கு 30ஆவது தெருவில். இரண்டுக்கும் நடுவே ஐ-70 சாலையில் சுமார் எண்பது மைல்தான் இருக்கும். கடை சிடியில் பார்கோடு இருக்கும் இடத்தில் இவற்றில் கிளப்பின் குறியோ எண்ணோதான் இருக்கிறது. ப்ளூமிங்டனில் கிர்க்வுட் அவென்யூ பக்கம் பழைய சிடி வாங்குகிறவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பாரே, அதற்குக் காரணம் இதுதான். இவை கடைக்குப் போன தட்டுகள் இல்லை, மூல ஒலிப்பதிவான மாஸ்டர் டேப்பை உரிமம் வாங்கி கிளப்புக்கென்றே தனியாக அடித்தவை.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சி.பி.எஸ். நிறுவனம் 1955-இல் கொலம்பியா ரெக்கார்ட் கிளப் என்ற பெயரில் கொலம்பியா ஹவுஸைத் தொடங்கியிருக்கிறது, ரெக்கார்டு கடை பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்குத் தபாலில் விற்பதற்காக. கடைக்காரர்கள் சண்டைக்கு வரவே, நீங்கள் சேர்த்துவிடும் ஆளுக்குக் கமிஷன் தருகிறோம் என்று சமாதானம் செய்திருக்கிறார்கள். நாம் அங்கே இருந்த 90களின் நடுவில் இந்த நாட்டில் விற்ற இசையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்கு கிளப் வழியாகப் போயிருக்கிறது. ஒரு சென்ட்டுக்குப் பன்னிரண்டு கொடுத்து எப்படிக் கட்டுப்படியாகும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருப்பாளே, அதற்கும் பதில் கிடைத்தது. பாதிப் பதில் அந்த மாத அட்டை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும் அட்டையில் வேண்டாம் என்று குறித்துத் தேதிக்குள் அனுப்பாவிட்டால், அந்த மாதத் தேர்வு தானாகவே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பில்லும் கூடவே வரும். வேண்டாம் என்று சொல்ல மறக்கிறவர்களை வைத்துத்தான் வியாபாரமே ஓடியது. பதில் சொல்ல உறுப்பினருக்குக் குறைந்தது பத்து நாள் அவகாசம் தர வேண்டும் என்று, வியாபார முறைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1973-இல் விதியே போட வேண்டியிருந்தது. அந்த விதியை எங்கிருந்தோ படித்துவந்து, பிரிக்காத பெட்டிமேல் "ஏற்க மறுக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுப்பாய். எங்கள் வீட்டு வக்கீல் நீதான்.

ஆனால் ஒரு பெட்டியை நீ திருப்பிக் கொடுக்கவில்லை. பரீட்சை வாரத்தில் யாரும் அட்டையை அனுப்பாமல் விட்டதால் வந்தது. நீ கிளாசிகல் கட்டத்தில் டிக் போட்டிருந்தாய், அதனால் வந்தது செல்லோ, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம். கதவோரம் பிரிக்காமலே கிடந்தது. அந்த வாரம்தான் திருச்சியிலிருந்து உன் அப்பாவைப் பற்றிப் போன் வந்தது. டிக்கெட்டுக்குப் பணம் சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நீ அழவும் இல்லை, பேசவும் இல்லை. ராத்திரி அந்தப் பெட்டியைப் பிரித்துப் போட்டாய், விடியும்வரை திரும்பத் திரும்ப அதுவே ஓடியது. நானும் அக்காவும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம், உள்ளே வர எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அதற்கு அப்புறம் நீ வீணை வாசித்த விதமே மாறிவிட்டது என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. கீழ் ஸ்தாயியான மந்திர ஸ்தாயியில் அவசரமே இல்லாமல் நின்று வாசிக்கத் தொடங்கினாய். அந்தத் தட்டையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடச் சொல்கிறாய்.

இன்னொன்று சொல்ல வேண்டும், மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. கட்டுப்படியானதற்கு மீதிப் பதில் இசைக்காரர்களின் பங்கில் இருந்தது. இலவசமாகப் போன தட்டுக்கு ராயல்டி கிடையாது என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்குமாம். கிளப் முழு விலைக்கு விற்ற தட்டுக்கும் பாடகருக்கு வழக்கமான பங்கில் பாதிதான் வரும். பாட்டு எழுதியவருக்கு முக்கால். அந்த செல்லோக்காரருக்கு நம்மால் என்ன போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார். அவருடைய கை உன்னை அந்த ராத்திரியிலிருந்து வெளியே கொண்டுவந்தது, நம்மிடமிருந்து போன காசு தபாலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் போயிருக்கிறது. இது கூடாது வசு. கச்சேரிக்கு வந்த வித்வானுக்குச் சம்பாவனை கொடுக்காமல் அனுப்பினால் உங்கள் பாட்டி விடுவாளா? பையனிடம் இதைச் சொன்னேன். இப்போது மட்டும் என்ன வாழ்கிறது, நான் பாட்டு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறேன், ஒரு தடவை கேட்டால் இசைக்காரருக்கு ஒரு சென்ட்கூடப் போவதில்லை என்றான். உண்மைதான், ஆனால் அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அவனுக்குச் சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். நம்மிடமாவது தட்டு இருக்கிறது, இருபது வருஷத்துக்கு மேல் பேஸ்மென்ட்டில் கிடந்தும் நான் போட்டுப் பார்த்தவை எல்லாம் பாடுகின்றன.

கிளப்கள் போய்விட்டன. 2005-இல் பி.எம்.ஜி.யே கொலம்பியா ஹவுஸை வாங்கியது, 2009 ஜூனில் பி.எம்.ஜி. மியூசிக் சர்வீஸை மூடினார்கள், 2015-இல் கொலம்பியா ஹவுஸை வைத்திருந்த நிறுவனம் திவால் மனுப் போட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. இந்தத் தட்டுகள் கேட்கிறவர்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் ஜாஸ் எல்லாம் நூலகத்துக்குப் போகிறது, அவளிடம் கேட்டுவிட்டேன். வைத்தியுடையதை வைத்திக்கே அனுப்புகிறேன், இப்போதாவது பிளேயர் வாங்கியிருப்பான். அந்த செல்லோக்காரர் இன்னும் வாசிக்கிறார், அவருடைய புதிய தட்டு ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கிவிட்டேன், அதுவும் உனக்குத்தான்.

ரேவதி ஜூலையில் திருச்சி வருகிறாள். பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துவிட்டு உறையும் தட்டுமாக அடுக்கினால் அவள் பெட்டியில் நிறையவே பிடிக்கும். உன்னுடையவற்றின் பட்டியலைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், மூன்று வசுமதிக்கும் சேர்த்து. வேண்டாததற்கு எதிரே வேண்டாம் என்று குறித்து 15ஆம் தேதிக்குள் அனுப்பு. பதில் வராவிட்டால் அத்தனையும் உன் வாசலுக்கு வந்துவிடும்.

அன்புடன்,
கௌரி