அக்காவுக்கு, உன் கையில் இனிப் பணம் தராதது ஏன்?

அன்புள்ள அக்கா,

இந்த மாதத்திலிருந்து உன் கையில் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நேரில் சொன்னால் ஒரு ஜெபத்தோடு பேச்சை முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். சபையாரும் இதைப் படிப்பார்கள். ஆகையால் நான் தந்த பணத்தை நீ யார் யாருக்குக் கொடுத்தாய் என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை.

உன் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், மருந்துக்கென்று நான் வைத்துவிட்டுப் போன உறையைப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் தலையணைக்கடியில் செருகினாய். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். குடையை எடுக்கத் திரும்பி வந்த என்னை நீ பார்க்கவில்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று மத்தேயு 6இல் படித்திருக்கிறேன். ஒருவர் செய்து கண்டது அன்றுதான். உன் காலைத் தொடவேண்டும் போலிருந்தது. அந்த இடதுகை நான்தான் என்பது அப்புறம் உறைத்தது. உன் மாத்திரைக்காகக் கடன் கேட்டு அலைந்தவன் நான், அக்கா.

கேட்டதற்கு, ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசைச் சொன்னாய். அவள் போட்டது தன் ஜீவனத்தை, தம்பியின் ஜீவனத்தை அல்ல. அதுவும் மாற்கு 12இல், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கும் வேதபாரகரை, அதாவது யூத வேத அறிஞர்களை, இயேசு கண்டித்த கையோடு அந்தக் காட்சி வருகிறது. அவளைப் பார்த்து அவர் மகிழ்ந்ததாக எழுதியில்லை. மனம் நொந்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது; போதகர் கோபித்தாலும் சரி. எருசலேம் விசுவாசிகளுக்காகக் கொரிந்தியரிடம் உதவி கேட்ட பவுல்கூட, அவர்களுக்குச் சுகமும் உங்களுக்கு வருத்தமும் வேண்டும் என்று சொல்லவில்லை, சமநிலையைத்தான் கேட்டார். சொந்த வீட்டாரைப் பராமரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5. உன் உடம்பும் நம் வீட்டைச் சேர்ந்ததுதானே?

இவ்வளவு வாதாடியும் ஓரிடம் இடிக்கிறது. நீ பூட்டிவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்று 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசில் பிரசங்கித்தார். அவர் கணக்குப்படி அந்த உறை என்னுடையதே அல்ல, உரியவளிடம் சேர்த்திருக்கிறாய். அப்படியானால் என் கோபத்தை மன்னித்துக்கொள். ஆனாலும் பசில் கொடுத்தது தம் சொத்தை. நம் வீட்டில் கொடுக்கிற வேலை உனக்கு, கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. கஞ்சன் என்ற பெயரும் எனக்கே.

மருந்துக்கடையில் உன் பெயரில் கணக்கு வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது மருந்து வேண்டுமென்றால் அதிலேயே வாங்கிக் கொடு, என்னைக் கேட்கவேண்டாம். உன் மாத்திரைகளை மட்டும் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வந்து எண்ணிப்பார்ப்பேன்.

உன் தம்பி