ரீவிக்குப் பின்னால் ஒரு லைற் போடு, பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

செவ்வாய்க்கிழமை நீ கோல் எடுத்தபோது எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், உனக்குச் சாமம் ஒன்றரை. அறையில் ஒரு லைற்றும் எரியவில்லை. ரீவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்தாய், படம் மாற மாற உன் முகம் ஒருக்கால் நீலமாக வெளிக்கும், ஒருக்கால் இருட்டுக்குள் போய்விடும். கதைக்கும்போது இரண்டு தரம் நெற்றியை அமத்தினாய். கேட்டதற்குத் தலையிடி என்றாய். அம்மா பக்கத்தில் இருந்தா, அதனால் மேற்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருட்டில் ரீவி பார்க்காதே. சின்னனில் இருந்து சொல்லிவருகிறேன். ரீவி திருத்தித்தான் உங்களை வளர்த்தேன், இந்த விஷயத்திலாவது அப்பா சொல்வதைக் கேள். கண் கெட்டுப் போகும் என்று பயப்படுத்தவில்லை, அப்படி நிரந்தரமாக ஒன்றும் ஆகாது. ஆனால் கண் களைக்கும். இருட்டான காட்சி வரக் கண்மணி விரியும், அடுத்த நிமிஷம் திரை முழுக்க வெள்ளை வரச் சுருங்கும். இரவிரவாக இதையே செய்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும்?

ரீவிக்குப் பின்னால், சுவரில் மட்டும் படுகிற மாதிரி ஒரு வெளிச்சம் வேண்டும். அவ்வளவுதான். பல்ப் உன் கண்ணுக்குத் தெரியக்கூடாது, உனக்குப் பின்னாலும் வேண்டாம், திரையில் பளபளவென்று விழும். சுற்றிவரக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கண் ஒரே அளவில் நிற்கும். படமும் வடிவாகத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் வெளிச்சம் இருக்கும்போதுதான் கறுப்பு கறுப்பாகத் தெரியும். கும்மிருட்டில் அதே கறுப்பு சாம்பலாகிவிடும்.

1990இல் யுத்தத்தால் ஊரில் கரண்ட் நின்ற பிறகு, பக்கத்து வளவில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓட்டிப் படம் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் முற்றத்தில் பாயைப் போட்டு இருக்க, நான் பெட்டிக்குப் பின்னால் போய் 15 வோற் பல்ப் ஒன்றைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டிவிடுவேன். எண்ணெய் வீணாகுது என்று சித்தப்பா கத்துவார், நான் கழற்றவில்லை. நீ படம் முடியுமட்டும் கண்ணைக் கசக்காமல் பார்த்தாய். அடுத்த நாள் அதே நீதான் ஜாம் போத்தல் விளக்கில் புத்தகத்தோடு இருந்தாய். ஓ.எல். சோதனையில் எட்டுப் பாடத்துக்கும் டி, அதிவிசேட சித்தி, எடுத்த பிள்ளை. ஊரில் இன்றைக்கும் என்னிடம் கேட்பார்கள், உங்கட மகள் எப்படி இருக்கிறா என்று. நல்லாய் இருக்கிறா என்றுதான் சொல்கிறேன்.

சரி, லைற். இப்போது எல்.ஈ.டி. நாடா வருகிறது. ரீவியின் பின்பக்கம் இருக்கிற யூ.எஸ்.பி. துளையிலேயே 5 வோல்ற்றில் எரியும், பல ரீவிகளில் ரீவியோடு சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். 6500 கெல்வின் வெள்ளை என்று பார்த்து வாங்கு, கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று காட்டுகிற அளவு. படம் எடுக்கிறவர்கள் வெள்ளையைச் சரிபார்ப்பதும் அதே வெள்ளையில்தான். மஞ்சள் லைற் போட்டால் கண் மஞ்சளுக்குப் பழகி, திரை நீலம் பாய்ந்த மாதிரித் தெரியும். நிறம் நிறமாக மாறுகிற நாடா வேண்டவே வேண்டாம், கடைக்காரன் அதைத்தான் காட்டுவான், ஆனால் அது எரிந்தால் திரையில் ஒரு முகமும் சொந்த நிறத்தில் தெரியாது. நாடா வருகிற பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருக்கும், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு 100க்குப் போடுகிற புள்ளி அது, 90க்குக் குறைந்தால் வைத்துவிட்டு வா. வெளிச்சம் கூடக்கூடாது, ரீவி முழு வெள்ளை காட்டும்போது இருக்கிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு காணும். உன் வீட்டுச் சுவர் வெள்ளை, அது நல்லது, நிறச் சுவர் என்றால் வெளிச்சமும் அந்த நிறத்தில்தான் திரும்பி வரும்.

ஒட்ட முதல் பின்பக்கத்தைக் காய்ந்த துணியால் வடிவாகத் துடை, தூசி இருந்தால் இரண்டு நாளில் கழன்று தொங்கும். விளிம்பில் இருந்து இரண்டு அங்குலம் உள்ளே ஒட்டு. காற்றுப் போகிற துளைகளை மூடாதே. மூலையில் நாடாவை மடித்து நெரிக்காதே, வட்டமாக வளைத்துவிடு. அப்படியே ரீவியின் பிக்சர் மோடையும் மாற்று, 'விவிட்' கடையில் ஆட்களைக் கூப்பிடுவதற்கு வைப்பது, இரவில் 'சினிமா' போதும்.

மருமகனுக்கு இரவு வேலை என்று பொங்கலுக்குச் சொன்னாய். அதற்குப் பிறகு ஒரு கோலிலும் அவரைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் காணவில்லை. நீ சொல்லாததை நான் தோண்டப் போவதில்லை. ஆனால் விடியவிடிய ரீவிக்கு முன்னால் இருக்கிற பிள்ளை படம் பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கும். இந்த லைற் கண்ணுக்கு ஆறுதல் தரும், நித்திரையைத் தராது. ஒரு மணிக்குப் பிறகு ரீவியை நிப்பாட்டு. நிப்பாட்ட ஏலாவிட்டால் லைற்றையாவது போட்டுக்கொண்டு இரு. இருட்டில் மட்டும் இராதே.

வீட்டில் தம்பி கட்டுகிற பக்கத்துக்குக் கூரை வேலை முடிந்துவிட்டது. வேறு புதினம் இல்லை.

நாடாவை நீயே ஒட்டலாம், ஒருவரும் தேவையில்லை. ஒட்டினதும் ஒரு படம் எடுத்து அனுப்பு, சுவரில் எந்தப் பக்கம் கூடிக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். இதை எழுதினது அம்மாவுக்குத் தெரியாது. பின்னேரம் ஐந்து மணிக்கு அவ கோயிலுக்குப் போய்விடுவா, உனக்கு அது விடிய ஆறரை. அந்த நேரம் எடுத்தால் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா